ஊழியத்தில் முழுமனது: வாசகர் கேள்வி – பதில்

சபைப் பொறுப்பில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளே இந்த இதழில் அதிகம். எல்லாக் கடிதத்திலும் ஏதோ ஒரு வடிவில் ஒரே கேள்வி இருக்கிறது: முழுமனதோடு செய்கிறோம், பிறகு ஏன் இப்படி ஆகிறது? கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பதில்களைச் சுருக்கவில்லை.

எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் 5 முதல் 13 வயது வரை 24 பிள்ளைகள். ஆசிரியை நான் ஒருத்திதான். ஒரே கூடம், ஒரு மணி நேரம். ஜெபித்துவிட்டுத்தான் போகிறேன். ஆனாலும் பத்து நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடுகிறது. என் அர்ப்பணிப்பில் குறையா?
– ஆசிரியை ஒருவர், நாசரேத்

உங்கள் அர்ப்பணிப்பில் குறை இல்லை, சகோதரி. வகுப்பு அமைந்திருக்கும் விதத்தில்தான் குறை. ஐந்து வயதுப் பிள்ளை ஒரே காரியத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிலைத்து உட்காராது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதே கதையை ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கும். இருவருக்கும் ஒரே பாடத்தை ஒரே குரலில் நடத்தினால் சின்னது எழுந்து ஓடும், பெரியது பக்கத்துப் பிள்ளையிடம் பேசும்.

முதல் வேலையாக 5–6, 7–10, 11–13 என்று மூன்று குழுவாகப் பிரியுங்கள். தனி அறை தேவையில்லை. கூடத்தின் மூன்று மூலைகளில் மூன்று பாய் விரித்து, ஆசிரியர் சுவரோரம் உட்கார, பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்காரட்டும். ஒரு குழுவின் பார்வை அடுத்த குழுவின் மேல் போகாமல் இருக்க இதுவே போதும். உங்களுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஆராதனை அறிவிப்பில் 'ஆசிரியர்கள் தேவை' என்று கேட்டால் யாரும் வருவதில்லை. ஒருவரைத் தனியாகச் சந்தித்து, 'ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதின்மூன்று ஞாயிறு. சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேர். பாடத்தை நான் எழுதித் தருகிறேன்' என்று கேளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்த வேலைக்கு ஆள் வருவார்கள்.

அறுபது நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம். வரவேற்புக்கும் பாட்டுக்கும் பத்து. போன வாரப் பாடத்தைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைக்க ஐந்து. கதைக்குப் பன்னிரண்டு, அதற்கு மேல் வேண்டாம். கேள்விகளுக்கு எட்டு, மனப்பாட வசனத்துக்குப் பத்து, வரையவோ நடித்துக் காட்டவோ பத்து, ஜெபத்துக்கு ஐந்து. சின்னக் குழுவுக்குக் கதையை எட்டு நிமிடமாகக் குறைத்து, மீதியைப் பாட்டுக்குக் கொடுங்கள்.

கதையைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது. ஐந்து காட்சியாக உடைத்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குஷ்டரோகியாக இருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையை எடுத்துக்கொள்வோம் (2 இராஜாக்கள் 5). சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சிறு பெண் எஜமானியிடம் பேசுவது ஒரு காட்சி. கடிதத்தை வாசித்த இஸ்ரவேலின் ராஜா தன் வஸ்திரத்தைக் கிழிப்பது அடுத்தது. தீர்க்கதரிசி எலிசா வெளியே வராமல் ஆளை மட்டும் அனுப்ப, நாகமான் கோபித்துக்கொண்டு திரும்புவது மூன்றாவது. வேலைக்காரர்கள் தயவாகப் பேசி அவனைச் சம்மதிக்க வைப்பது நான்காவது. யோர்தானில் ஏழுதரம் முழுகுவது ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்தால் நடுவில் மறந்து தடுமாற மாட்டீர்கள்.

தயாரிப்பைச் சனிக்கிழமை இரவு தொடங்குவதுதான் எங்கள் பார்வையில் பெரிய தவறு. ஞாயிறு மாலையே அடுத்த வாரப் பகுதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். செவ்வாய்க்குள் இன்னும் இரண்டு முறை. புதனன்று ஐந்து வரிகள். வியாழனன்று கேள்விகள். அவற்றில் 'ஆம், இல்லை' என்று பதில் வருபவற்றை அடித்துவிட்டு, 'அந்தப் பெண் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். ஏன் பேசினாள்?' போன்றவற்றை மட்டும் வையுங்கள். வெள்ளியன்று சார்ட், க்ரேயான். சனியன்று கடிகாரத்தை முன்னால் வைத்து வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அந்த வாரம் முழுவதும் அடுப்படியிலும் பஸ்ஸிலும் அந்தக் கதை உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கேட்பது அந்தக் கதையைத்தான்.

மனப்பாட வசனம் பன்னிரண்டு சொல்லைத் தாண்ட வேண்டாம். நீளமான வசனத்தை இரண்டு ஞாயிற்றுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதி, எல்லாரும் வாசித்த பிறகு ஒரு சொல்லை அழித்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். இப்படி அழித்துக்கொண்டே போனால் பலகை காலியாகும்போது வசனம் வாயில் இருக்கும். பரிசை எப்போதும் சத்தமாகச் சொல்லும் பிள்ளைக்கே கொடுக்காதீர்கள். வாய் திறக்காத பிள்ளை அந்த வகுப்பில் இன்னும் பின்னால் போய்விடும். எல்லாக் கதையையும் 'ஆகவே நாம் பொய் சொல்லக் கூடாது' என்று முடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கதையில் தேவன் என்ன செய்தார் என்பது அதில் காணாமல் போய்விடுகிறது.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் ஏற்றி வீட்டில் விடவும் கூடாது. கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்போது இன்னொரு பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். 'சபைக்குள் பேசி முடிப்போம்' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. கூடத்துச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் அதை எழுதி ஒட்டுங்கள்.

சபைச் செயலர், பாடகர் குழு, வாலிபர் சங்க ஆலோசகர், வெள்ளி ஜெபக்கூட்டம், கட்டிடக் குழு என்று ஐந்து பொறுப்பு வைத்திருக்கிறேன். எதையும் மறுத்ததில்லை. இப்போது எதிலும் மனம் ஒட்டவில்லை; வீட்டிலும் வருத்தம். முழுமனது என்றால் மறுக்காமல் செய்வதுதானே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. காலை முதல் சாயங்காலம் வரை தனியாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயை அவருடைய மாமன் எத்திரோ பாராட்டவில்லை. இது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்றார் (யாத்திராகமம் 18). ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் காத்திருக்கும் ஜனங்களும் சேர்ந்து களைக்கிறார்கள். நம் சபைகளில் இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் ஐந்து நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பதால் நான்கு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறியுங்கள். கூட்ட நேரத்தோடு போய்வரும் நேரம், போன் பேச்சு, வாட்ஸ்அப் பதில் எல்லாவற்றையும் சேருங்கள். முழுநேர வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு வாரத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் என்பதே நீடித்து நிற்கும் அளவு என்பது எங்கள் கருத்து. உங்களுக்குப் பதினைந்தைத் தாண்டும் என்று நினைக்கிறோம்.

பிறகு, உங்களைவிட நன்றாகச் செய்ய ஆள் இருக்கும் பொறுப்பு எது என்று பாருங்கள். முதலில் விடவேண்டியது அதுதான். பிடிக்காததை விட்டுவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்வது சுலபம், ஆனால் சபைக்கு அது உதவாது. திடீரென்று ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் புதியவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாம் வாரம் இருவரும் சேர்ந்து செய்யுங்கள். மூன்றாம் வாரம் அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் இருங்கள். நான்காம் வாரம் அந்தக் கூட்டத்துக்கே போகாதீர்கள். பலரும் நான்காம் வாரத்தில்தான் சறுக்குகிறார்கள். போய் நின்று, 'நாங்கள் இப்படிச் செய்வதில்லையே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். புதியவர் அதற்குப் பிறகு எதையும் தானாகச் செய்யமாட்டார்.

மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் காட்டினான். எலியா மறுபடி தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). தூக்கமும் சாப்பாடும் முதலில், கேள்வி அதற்குப் பிறகு. வாரத்தில் ஒரு மாலையை வீட்டுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் சபைப் போனை எடுக்காதீர்கள். தூக்கம் வராமலோ எந்நேரமும் எரிச்சலாகவோ சாப்பாடு வேண்டாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

வாரந்தோறும் அரசு மருத்துவமனைக்கு நோயாளிகளைச் சந்திக்கப் போகிறோம். ஆர்வமாக நான்கைந்து பேர் வருகிறார்கள். ஆனால் நர்சுகள் எங்களைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?
– பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், மதுரை

நர்சுகள் பக்கம் நின்று பாருங்கள். அறுபது பேருக்கு இரண்டோ மூன்றோ பேர் நிற்கும் வார்டில், ஐந்து பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்துகொண்டு பாடினால் மருந்து வண்டி போக வழி இருக்காது. ஒரு கட்டிலுக்கு இருவருக்கு மேல் போகாதீர்கள். பெண்கள் வார்டுக்குப் பெண்கள் மட்டும். பார்வையாளர் நேரத்தில் மட்டும். வார்டுக்குள் நுழைந்ததும் பணியிலிருக்கும் நர்சிடம், 'இப்போது பார்க்கலாமா, யாரைப் பார்க்க வேண்டாம்?' என்று கேளுங்கள். மூன்று வாரம் இப்படிக் கேட்டாலே அவர்களே, 'அந்தப் பன்னிரண்டாம் கட்டிலுக்கு யாரும் வருவதில்லை, போய்ப் பாருங்கள்' என்று சொல்லத் தொடங்குவார்கள்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று போகவே கூடாது. உள்ளே போகுமுன்னும் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையிலும் கைகளைச் சோப்பால் இருபது வினாடி கழுவுங்கள், அல்லது சானிடைசர் போடுங்கள். அறுவை சிகிச்சை ஆனவர், புற்றுநோய் மருந்து ஏறுகிறவர், பிறந்த குழந்தை ஆகியோருக்கு நம் கையிலிருந்து போகும் கிருமியே பெரிய ஆபத்து. கட்டிலில் உட்காராதீர்கள். டிரிப்ஸ், ஆக்ஸிஜன் குழாய் எதையும் தொடாதீர்கள். 'கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்' என்று நோயாளி கேட்டாலும் நர்சைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கலாம்.

நின்றபடி பேசாமல் ஒரு ஸ்டூலில் அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். பெயரைச் சொல்லுங்கள், எந்தச் சபை என்று சொல்லுங்கள், 'ஐந்து நிமிடம் உட்காரலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். என்ன நோய் என்று விசாரிக்காதீர்கள். 'ராத்திரி தூங்க முடிந்ததா?', 'கூட யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டால் போதும். மீதியை அவரே சொல்வார். நம் அத்தைக்கும் இதே நோய் வந்து இறந்துபோனார் என்பதைப் போன்ற பேச்சு வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து வரும்வரை பத்து நிமிடம். மிகவும் சோர்ந்தவருக்கு மூன்று.

ஜெபிக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் ஜெபியுங்கள். அவர் கிறிஸ்தவர் அல்லாதவர் என்றால் இந்தக் கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது, மறுக்கவும் கூச்சப்படுவார். ஜெபம் ஒரு நிமிடம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். அவர் சொன்ன காரியத்துக்காக ஜெபியுங்கள்: தூக்கம், வலி, வீட்டில் விட்டுவந்த பிள்ளை. 'நாளைக்கே எழுந்து நடப்பீர்கள்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது. சர்க்கரை மருந்தையோ வலிப்பு மருந்தையோ யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் வர வேண்டும். வர முடியாது என்று தெரிந்தால் சொல்லாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, வார்டு, கட்டில் எண், அடுத்த முறை நினைவில் வைக்க வேண்டியது ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டாம். சபை ஜெபக் குறிப்பில் அவர் சம்மதம் இல்லாமல் பெயரும் வேண்டாம்.

நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்கு ஞாயிறு மதியம் நூறு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கத் தொடங்கினோம். இரண்டு முறை சாம்பார் சாதம் கெட்டுப்போனது. அளவும் சரிவரவில்லை. வழி சொல்லுங்கள்.
– வாலிபர் சங்கம், திருச்சி

நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய்கறி 6 கிலோ, புளி அரைக் கிலோ, சாம்பார் பொடி அரைக் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், உப்பு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஆரம்பித்து ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். தலைக்கு ஏறத்தாழ அரைக் கிலோ சாப்பாடு வரும். காயில் கத்தரிக்காயும் முருங்கையும் வேண்டாம். ஒன்று குழைந்துவிடும், இன்னொன்றைப் பொட்டலத்தில் சாப்பிடுவது சிரமம். கேரட், பீன்ஸ், சௌசௌ போதும்.

கெட்டதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். காலை ஆறு மணிக்கு இறக்கி, ஆராதனை முடிந்து பதினொன்றரைக்குக் கட்டி, ஒரு மணிக்குக் கொடுத்தால் ஏழு மணி நேரம் ஆகிவிடுகிறது. வெதுவெதுப்பாகவே இருக்கும் பருப்புச் சாதத்தில் கிருமி வேகமாகப் பெருகும். அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து சாப்பிடுபவர் கைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சமைப்பவர்கள் அதிகாலை ஆராதனையிலோ மாலை ஆராதனையிலோ கலந்துகொள்ளும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் புளியோதரைக்கு மாறுங்கள். புளியும் எண்ணெயும் உள்ளதால் அது தாங்கும். தேங்காய் அரைத்து விட்ட குழம்பும் கோடையில் தயிர்சாதமும் வேண்டாம்.

பொட்டலத்துக்கு வாழையிலை, மேலே பழுப்புக் காகிதம். செய்தித்தாளின் மை சூட்டில் சாப்பாட்டில் இறங்கும். அதைத் தவிர்க்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. லாபத்துக்காக இல்லாமல் உணவு கொடுப்பவர்களும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சமையலிலும் ஒரு பொட்டலத்தை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் எடுத்து வையுங்கள். யாருக்காவது வயிறு சரியில்லை என்று வந்தால் காரணம் பார்க்க அது வேண்டும்.

கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். பசியோடு கையேந்தி நிற்கும் நேரத்தை யாரும் படமாகப் பார்க்க விரும்பமாட்டார்கள். பொட்டலத்துக்காகப் பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும் என்ற நிலையையும் உண்டாக்காதீர்கள். கேட்பவருக்குப் பதில் சொல்லுங்கள். கேட்காதவருக்கும் அதே அளவு சாதம்.

கிறிஸ்துமஸ் கீத பவனியில் எங்கள் இளைஞர்கள் விடியற்காலை மூன்று மணி வரை உற்சாகமாகப் பாடுகிறார்கள். ஆனால் மார்ச் மாதத்தில் பாடகர் குழுப் பயிற்சிக்கு நான்கு பேர்தான்.
– பாடகர் குழுத் தலைவர், மார்த்தாண்டம்

இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. மாலை ஆறுக்குத் தொடங்கி, ஒரு நாளைக்கு இருபது வீடு என்று ஐந்தாறு நாளுக்குப் பிரித்தால் பத்துக்குள் முடியும். மார்ச் மாதப் பிரச்சினைக்குப் பயிற்சி நடக்கும் விதத்தைப் பாருங்கள். சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) கற்றுக்கொள்ளும் நாற்பது நிமிடமும் பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். முதல் அரைமணி நான்கு குரலும் நான்கு இடத்தில் தனித்தனியாகப் பயிலட்டும். ஒவ்வொரு குரலையும் போனில் பதிந்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அடுத்த நாற்பது நிமிடம் சேர்ந்து பாடட்டும். சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியுங்கள். நான்கே பேர் வந்தாலும் தொடங்குங்கள்.

வயது 23. இன்ஜினியரிங் முடித்து வேலையில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வடமாநில மிஷன் பணிக்குப் போனால்தான் தேவனுக்கு முழுமையாகக் கொடுத்ததாகும் என்று தோன்றுகிறது. பெற்றோர் தடுக்கிறார்கள்.
– ஒரு தம்பி, தூத்துக்குடி

தம்பி, உன் வாஞ்சை நல்லது. அதை அணைக்க மாட்டோம். ஆனால் வேலையில் இருப்பவன் பாதி கொடுத்தவன், வேலையை விட்டவன் முழுதும் கொடுத்தவன் என்ற கணக்கு வேதத்தில் இல்லை. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் பண்ணும் தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்தார்.

உன் மாவட்டத்தின் வரலாற்றைப் படி. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா மற்றவர்களோடு சேர்ந்து 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். உள்ளூர் ஜனங்களின் காணிக்கையை நம்பியே அது நடந்தது. அவரே 1909-இல் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல்லுக்குப் போய், அந்த மொழியைக் கற்று, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் போன பின்னும் சங்கம் நடந்தது. ஏனென்றால் அனுப்பியவர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். இதில் போனவரும் வேண்டும், மாதந்தோறும் கொடுத்தவரும் வேண்டும்.

போவதென்றே உறுதியாக இருந்தால் அதற்கு முன் இவற்றைச் செய். உள்ளூரில் யாரும் பார்க்காத ஒரு வேலையை ஓராண்டு இடைவிடாமல் செய். உன் வாஞ்சை நிலைக்கிறதா என்பது அதில் தெரியும். படிப்புக் கடனை அடை. ஆறு மாதச் செலவை வங்கியில் வை. மருத்துவக் காப்பீடு எடு. நீ போக நினைக்கும் சங்கத்திடம் சம்பளம், விடுப்பு, நோய்ச் செலவு, யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேள். எழுதித் தர மறுக்கும் இடத்துக்குப் போகாதே. மூன்று வார விடுப்பில் பணித்தளத்துக்குப் போய், அங்கே இருப்பவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்களோடு தங்கிப் பார். பெற்றோரில் ஒருவரையும் அழைத்துப் போனால் நல்லது. இந்தியை இப்போதே தொடங்கு. அங்கே பேசும் பழங்குடி மொழி அதற்கு மேல் தனி. மொழி வரும்வரை இரண்டு ஆண்டு பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வந்த மூன்றாம் மாதமே பிரசங்கிக்க ஆசைப்பட்டு மொழிபெயர்ப்பாளரையே நம்பியவர்கள் பத்து வருடம் கழித்தும் வீடுகளுக்குள் போய்ப் பேச முடியாமல் நிற்பார்கள்.

இருபது வருடம் பெண்கள் சங்கத்தில் ஓடியாடிச் செய்தேன். இப்போது 71 வயது, முழங்கால் போய்விட்டது. ஆலயத்துக்கே ஆட்டோவில்தான். இனி என்னால் என்ன பிரயோஜனம்?
– ஓர் அம்மா, சாயர்புரம்

அம்மா, ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தார் ஐம்பது வயதில் கனமான வேலையை விட்டாலும் ஆசரிப்புக் கூடாரத்தை விட்டுப் போகவில்லை. தங்கள் சகோதரரோடு சேர்ந்து காவல் காத்தார்கள் (எண்ணாகமம் 8). டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்ட பின், 1951-இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அங்கிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதமும் எழுதினார்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சபைக் குடும்பங்களை ஏழு நாளுக்குப் பிரித்து, நாளுக்கு எட்டுப் பத்துக் குடும்பம் என்று பெரிய எழுத்தில் பேத்தியை எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைய குடும்பங்களுக்காக ஜெபித்து, அவர்களில் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். போன ஞாயிறு ஆலயத்துக்கு வராதவருக்கு முதலிடம். 'ஏன் வரவில்லை?' என்று மட்டும் கேட்க வேண்டாம், 'எப்படி இருக்கிறாய்?' என்று கேளுங்கள். அவர்கள் நம்பிச் சொல்வதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை வெளியே போனால் அப்புறம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். பிடி அரிசிக் காணிக்கையும் உங்கள் அடுப்படியிலிருந்து நடக்கும். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டால், ஒரு பிடி ஐம்பது கிராம் என்றாலும், ஒரு நாளைக்கு ஒருமுறை வீதம் மாதம் ஒன்றரைக் கிலோ சேரும். இளம் தாய்மார் இரண்டு பேரை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெண்கள் சங்கத்தை இருபது வருடம் நடத்திய விதம் உங்களுக்குத்தான் தெரியும். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

பத்து வருடமாகப் படிப்படியாக எல்லா வேலையும் செய்கிறேன். சேகரகுருவோ (போதகர்) கமிட்டியோ ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

வலிக்கத்தான் செய்யும். அதை ஆவிக்குரிய குறைபாடு என்று சொல்லி உங்களை அடக்க விரும்பவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தின் பெரும்பகுதி பெயர் சொல்லி வாழ்த்துவதுதான். நன்றி சொல்வது தலைவர்களின் கடமை. கமிட்டியில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்தால், இந்த வாரமே விளக்குப் போடுகிறவர், பாய் விரிக்கிறவர், கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) ஆகியோரை நேரில் பார்த்து, என்ன வேலைக்காக என்று குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். மேடையில் பொதுவாகச் சொல்லும் 'எல்லாருக்கும் நன்றி' யாரையும் சேர்வதில்லை.

14 வருடமாகச் சபைப் பொருளாளர். ஒரு பைசா தவறியதில்லை. ஆனால் இப்போது கணக்கைப் பற்றிப் பேச்சு எழுகிறது. மனம் உடைந்து விலகப் பார்க்கிறேன்.
– பொருளாளர், தஞ்சாவூர்

நீங்கள் உண்மையுள்ளவர் என்று உங்களுக்குத் தெரியும், தேவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வழி செய்திருக்கிறீர்களா? எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைக் கொண்டுபோகையில் பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்டவரைக் கூட்டிக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார் (2 கொரிந்தியர் 8).

காணிக்கையை ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்திலேயே, உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும். பொருளாளர் எண்ணக் கூடாது. நோட்டு வாரியாகத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதி உங்களுக்கும் ஒரு பிரதி செயலருக்கும் போக வேண்டும். திங்களன்று முழுத்தொகையும் வங்கிக்கு. காணிக்கையிலிருந்து நேரடியாகச் செலவு செய்து மீதியைக் கட்டும் பழக்கம்தான் பெரும்பாலான பேச்சுக்குக் காரணம். சில்லறைச் செலவுக்கென்று ஒரு நிலையான தொகையைத் தனியாக வைத்து, ரசீது வந்த அளவுக்கு அதை நிரப்புங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. மாதம் ஒருமுறை வங்கிப் பாஸ்புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் உங்களைத் தவிர ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மாதக் கணக்கை ஒரு பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கட்டிட நிதிக்கு வந்ததை வேறெதற்கும் எடுக்கக் கூடாது, அவசரத்துக்குக்கூட. வெளிநாட்டுக் குடிமகனோ வெளிநாட்டு அமைப்போ பணம் அனுப்ப முன்வந்தால், சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிச் சபைக்குக் கொடுப்பதும் அதே மீறல்தான்.

இப்போது பேச்சு எழுந்திருக்கும் நேரத்தில் விலகினால் சந்தேகம் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வெளித் தணிக்கையாளர் ஒருவரை வைத்துக் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்படி நீங்களே கமிட்டியில் எழுத்தில் கேளுங்கள். அறிக்கை சபைக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். அதற்குப் பிறகு பொறுப்பை மாற்றிக்கொடுங்கள். பதினான்கு வருடம் ஒருவரே வைத்திருப்பது எவ்வளவு நல்லவருக்கும் நல்லதல்ல. ஒப்படைக்கும்போது வங்கிக் கணக்குகளின் பட்டியல், வைப்புநிதி ரசீதுகளும் முதிர்வுத் தேதிகளும், மின்கட்டண இணைப்பு எண்கள், சொத்துவரி ரசீது, நிலப் பத்திரங்கள் இருக்கும் இடம், நிலுவைக் கடன், பீரோ சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை இரண்டு பிரதி எழுதி, வாங்குபவர், கொடுப்பவர், சேகரகுரு மூவரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து மாற்றப் படிவத்தை வங்கியில் அன்றே கொடுத்துவிடுங்கள்.